நம் ஊர்ச் செடிகளின் பழைய படங்கள்: இலவசமாக எடுத்துக் கைவேலைக்குப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி இருக்கிற தமிழ் வீடுகளில் கைவேலை செய்பவர்களுக்குக் குறைவில்லை. வாழ்த்து அட்டை, பானை ஓவியம், செட்டு முண்டில் பெயிண்டிங், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆல்பம் என்று வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஆனால் பழைய காலத்துப் படம் வேண்டும் என்று நெட்டில் தேடினால் வருவது இங்கிலாந்து ரோஜாவும் லாவண்டர் கொத்தும்தான். நம் தோட்டத்துக் கொன்றையும், வரப்போரத்துக் கரிம்பனையும், பலாவும் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அச்சில் இருக்கின்றன. அவற்றை வரைந்தவர்கள் இந்த மண்ணில் உட்கார்ந்து, செடியைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். இன்று அவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் இருக்கின்றன. இதை நம் பக்கத்துக் கைவேலைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதலில்: எந்தப் புத்தகத்தில் தேடுவது

"விண்டேஜ்" என்று தட்டித் தேடுவதை விட்டுவிடுங்கள். புத்தகத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு தேடினால்தான் நல்ல படம் கிடைக்கும். நம் பகுதிக்கு ஒரு நாலைந்து புத்தகங்கள் போதும்.

தலையாயது ஹோர்டஸ் மலபாரிகஸ். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட செடிகள். சேர்த்தலை பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்கபட்டர், விநாயகப் பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூவரும் சொன்ன விவரங்கள் அதில் இருக்கின்றன. படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. கறுப்புக் கோடுகள் மட்டும். நாமே வண்ணம் தீட்ட இதைவிட வசதியான படம் கிடையாது. இன்னொரு அழகு, படத்தின் மூலையில் செடியின் பெயர் ரோமன் எழுத்தில் மட்டும் இல்லாமல் பழைய மலையாள எழுத்திலும், அரபியிலும், நாகரியிலும் செதுக்கப்பட்டிருக்கும். அட்டை செய்யும்போது அந்தப் பெயர்களை வெட்டி எறிந்துவிடாதீர்கள். பூவைப் போலவே அவையும் பார்க்க அருமையாக இருக்கும்.

இதில் தேடுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. இந்தப் புத்தகம் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அதனால் இன்றைய அறிவியல் பெயரைப் போட்டுத் தேடினால் இது அகப்படாது. தொகுதியும் பட எண்ணும் தெரிந்தால் நேரே போய்விடலாம். முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே தென்னை வரும். அதே தொகுதியில் 9-ஆம் படம் கரிம்பனை, 22-ஆம் படம் கொன்றை. மூன்றாம் தொகுதியில் 26-லிருந்து 28 வரை பலா. நான்காம் தொகுதி மாமரத்தில் தொடங்குகிறது. வேறு செடி வேண்டுமானால், லின்னேயஸ் தன் ஸ்பீஷீஸ் பிளான்டாரம் என்ற புத்தகத்தில் ஒவ்வொரு செடிக்கும் கீழே பழைய நூல்களைக் குறித்திருக்கிறார். அங்கே ரீட் பெயரும் தொகுதி எண்ணும் பட எண்ணும் இருந்தால், அது இந்தப் புத்தகம்தான்.

அடுத்தது ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஐகோனெஸ். ஆறு தொகுதி, இரண்டாயிரத்துக்கும் அதிகமான படங்கள். 1840-களில் அவர் பருத்திச் சோதனைக்காகக் கோயம்புத்தூரில் இருந்தவர். நம் மலைகளின் செடிகள் நிறைய இதில் உண்டு. பெயர் அட்டையில் வைட்டினுடையதுதான் என்றாலும், வரைந்த கை நம்மவர்களுடையது. படத்தின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள், ரங்கையா அல்லது கோவிந்து என்று இருக்கும். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. கோவிந்து மீது வைட்டுக்கு எவ்வளவு மரியாதை என்றால், ஒரு ஆர்க்கிட் இனத்துக்கே அவர் பெயரை வைத்தார். கோடுகள் மெல்லியதாக, தெளிவாக, நிழல் அதிகம் இல்லாமல் இருக்கும். எம்ப்ராய்டரிக்கும் துணி பெயிண்டிங்குக்கும் நான் முதலில் கைவைப்பது இந்தப் படங்களில்தான்.

பெரணி (ஃபெர்ன்) பிடிக்கும் என்றால், வன அதிகாரி பெடோம் 1863 முதல் 1865 வரை வெளியிட்ட தென்னிந்தியப் பெரணிகள் நூல். பறவை வேண்டுமானால் ஜெர்டன் 1840-களில் சென்னையில் வெளியிட்ட இந்தியப் பறவைகள், மொத்தம் 50 வண்ணப் படங்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு என்று ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கு ராக்ஸ்பர்கின் சோழமண்டலக் கரைச் செடிகள் இன்னும் நெருக்கமாக இருக்கும். 1795-ல் தொடங்கி வந்த அந்த நூலில் கையால் வண்ணம் தீட்டிய 300 படங்கள்.

எங்கே கிடைக்கும்

மேலே சொன்னவற்றுக்கு முதல் இடம் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி. உலகின் பல தாவரவியல் நூலகங்கள் சேர்ந்து நடத்துகிற தளம், கணக்கு தொடங்க வேண்டியதில்லை, காசும் இல்லை. வைட்டின் புத்தகம் போன்றவற்றில் அறிவியல் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயர் வருகிற பக்கங்களைக் காட்டும். பெயர் பழையதாக இருக்கலாம் என்பதால் விக்கிப்பீடியாவில் அந்தச் செடியின் பழைய பெயர்களையும் பார்த்துக்கொண்டு தேடுங்கள். இவர்களே ஃபிளிக்கரில் படங்களை மட்டும் தனித்தனி ஆல்பமாகப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து சும்மா புரட்டிப் பார்க்க அதுதான் சுகம்.

அதே புத்தகங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருக்கும். விக்கிமீடியா காமன்ஸில் தனிப் படமாக, பெரும்பாலும் உரிமை விவரத்தோடு இருக்கும்.

ஓரப் பூவேலை, அலங்கார முதலெழுத்து, பழைய கட்டட ஓவியம் போன்றவற்றுக்கு பிரிட்டிஷ் லைப்ரரி 2013-ல் ஃபிளிக்கரில் போட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-லும், ஸ்மித்சோனியன் 2020-லும் தங்கள் படங்களைத் திறந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியமும் அப்படியே. தமிழ்ப் பக்கங்களின் பழைய மரக்கட்டை அலங்காரங்கள் வேண்டும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் புரட்டுங்கள்; நேரம் போவது தெரியாது.

படம் பகிரும் ஆப்களை நான் சிபாரிசு செய்வதில்லை. அங்கே இருப்பது யாரோ எங்கிருந்தோ எடுத்த சின்ன நகல். இப்போது கணினியே உருவாக்கிய போலிப் "பழைய" படங்களும் கலந்து வருகின்றன. பார்த்தால் மஞ்சள் தாள், சாய்ந்த எழுத்து எல்லாம் இருக்கும். உற்றுப் பார்த்தால் எழுத்துக்கு அர்த்தமே இருக்காது, பூவில் இதழ் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறும். புத்தகம் எது, ஆண்டு எது, பட எண் எது என்ற மூன்றும் தெரியாத படத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

உரிமை விஷயம்

இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் காப்புரிமை வரைந்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை. வரைந்தவர் பெயரே தெரியாத வெளியீடு என்றால் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். ஹோர்டஸ், வைட், ராக்ஸ்பர்க் எல்லாம் இந்தக் கணக்கை எப்போதோ தாண்டியவை. ரவிவர்மா 1906-ல் மறைந்தார், அவர் ஓவியங்களும் அப்படித்தான். ஆனால் அவர் பெயரில் நடந்த அச்சகம் அவருக்குப் பின்னும் மற்றவர்களின் ஓவியங்களை அச்சிட்டது. அச்சகத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

நாம் தடுக்கி விழக்கூடிய இடம் காலண்டர் படங்களும் வாரப் பத்திரிகை ஓவியங்களும். பார்க்கப் பழசாக இருக்கும், உரிமை உயிரோடு இருக்கும். கோவில்பட்டி கொண்டையராஜு 1976-ல் மறைந்தார். அவருடைய முருகனும் லட்சுமியும் 2036 முடியும் வரை காப்புரிமைக்குள். எழுத்தாளர் நாட்டுடைமை ஆகிவிட்டார் என்பதால் அவர் தொடர்கதைக்கு இன்னொருவர் வரைந்த படமும் பொதுச்சொத்து ஆகிவிடாது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. அதற்கு மணியம் வரைந்தது வேறு கணக்கு.

தளத்தில் படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பப்ளிக் டொமைன் (பொதுச்சொத்து) என்றோ சிசி ஜீரோ (சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிம முறை) என்றோ இருந்தால் விற்பனைக்கும் பயன்படுத்தலாம். சிசி பை என்றால் அவர்கள் கேட்டபடி பெயர் போட வேண்டும். என்சி என்று சேர்ந்திருந்தால் வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விற்கக் கூடாது. என்டி என்றிருந்தால் வெட்டி ஒட்டி மாற்றியதை வெளியிடக் கூடாது. ஹோர்டஸுக்கு நம் காலத்தில் தாவரவியலாளர் மணிலால் செய்த ஆங்கில, மலையாள மொழிபெயர்ப்புகள் தனிப் படைப்புகள். பழைய படத்தை எடுக்கலாம், அந்த உரையை எடுத்து அச்சடிக்கக் கூடாது. செய்ததை அமெரிக்காவுக்கு விற்பதாக இருந்தால் அங்கே கணக்கு வேறு. படம் வெளியாகி 95 ஆண்டு தாண்டியதா என்று பாருங்கள்.

படத்தை இறக்குதல்

திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது போதாது. அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 5-க்கு 7 அங்குல அட்டை என்றால் குறைந்தது 1500-க்கு 2100 பிக்சல். ஏ4 முழுத்தாள் என்றால் 2480-க்கு 3508. ஃபிளிக்கரில் இறக்கும்போது "ஒரிஜினல்" அளவைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் பிடிஎஃப்-ஐ விட்டுவிட்டு, பக்கங்கள் தனித்தனிப் படமாக இருக்கும் ஜேபி2 ஜிப் கோப்பை எடுத்தால் கோடுகள் கூர்மையாக இருக்கும். கோப்பு பெரிசு, வைஃபை இருக்கும் இடத்தில் இறக்குங்கள்.

இறக்கிய உடனே கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள்: "கொன்றை, ஹோர்டஸ், தொகுதி 1, படம் 22, 1678" என்பது போல. ஆறு மாதம் கழித்து ஒருவர் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

சுத்தம் செய்தல்

மூன்று நூற்றாண்டுத் தாளில் பழுப்பு, புள்ளி, பின்பக்க எழுத்தின் நிழல் எல்லாம் இருக்கும். கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். கணினி இல்லையென்றால் பிரவுசரிலேயே ஃபோட்டோபீ, செல்போனில் ஸ்நாப்சீட். கோட்டுப் படம் என்றால் முதலில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பிறகு லெவல்ஸ் என்ற இடத்தில் வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். தாளின் பழுப்பு மறைந்து வெளுக்கும். மெல்லிய கோடு அறுபடத் தொடங்கினால் உடனே நிறுத்தி ஒரு நூல் பின்னால் வாருங்கள். கறுப்பு முக்கோணத்தை லேசாக வலப்பக்கம் நகர்த்தினால் கோடு அழுத்தமாகும். மீதி இருக்கும் புள்ளிகளைக் குளோன் கருவியால் ஒற்றி எடுங்கள்.

வண்ணப் படமாக இருந்தால் இவ்வளவு வெளுக்க வேண்டாம். ஜெர்டனின் பறவைகள் அந்த மங்கிய தாளோடு இருக்கும்போதுதான் உயிரோடு இருக்கின்றன. சோப்புப் போட்டுத் துடைத்தது மாதிரி ஆக்கிவிட்டால் புதுக் காலண்டர் படமாகிவிடும்.

அச்சு

கடைக்குப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

ஒட்டுகிற வேலைக்கும், மேலே வாட்டர் கலர் தீட்டுகிற வேலைக்கும் லேசர் பிரிண்ட்தான் வேண்டும். டோனர் பொடி சூட்டில் தாளோடு ஒட்டிவிடுவதால் ஈரம் பட்டாலும் கரையாது. ஜெராக்ஸ் மிஷினும் டோனர்தான், அதுவே போதும். சாதாரண இங்க்ஜெட் மை பசை பட்டதும் கசியும். பானையில் ஒட்ட 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் போதும், மெல்லியதாக இருந்தால்தான் வளைவில் படியும். அட்டைக்கு 200 ஜிஎஸ்எம்முக்கு மேல். தடித்த தாளைப் பைபாஸ் டிரேயில் வைக்கச் சொல்லுங்கள், உள் டிரேயில் வைத்தால் சிக்கும். உங்கள் ஊர்க் கடையில் தடித்த தாள் எடுக்கமாட்டோம் என்றால் பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் கேளுங்கள்.

செய்து பார்க்க: சித்திரை அட்டை

நம் எல்லையில் சித்திரைப் பிறப்பும் விஷுவும் ஒட்டியே வருகின்றன. தமிழ் வீட்டிலும் மலையாள வீட்டிலும் அன்று கொன்றைப்பூ இருக்கும். ஆகவே ஒரே அட்டை இரண்டு வீட்டுக்கும் பொருந்தும்.

ஹோர்டஸ் கொன்றைப் படத்தைச் சுத்தம் செய்து, 5-க்கு 7 அங்குலத்துக்கு அமைத்து, 200 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். படத்தைச் சுற்றி அரை அங்குலம் வெற்றிடம் விடுங்கள். ஏப்ரல் வெயிலில் வாட்டர் கலர் சட்டென்று காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் ஒரு கொத்தை முழுதாகத் தூரிகைத் தண்ணீரால் நனைத்துவிட்டு மஞ்சளை விடுங்கள். முதல் பூச்சு எலுமிச்சை மஞ்சள், மிகவும் நீர்த்து. காய்ந்தபின் இதழின் அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் காவி கலந்த மஞ்சள். முற்றத்தில் கொன்றை இருந்தால் ஒரு பூவைப் பறித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள், அவற்றில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து மேலே திரும்பியிருக்கும். அந்த மூன்றையும் செதுக்கிய கோட்டிலேயே தேடிக் கண்டுபிடியுங்கள். நுனிக்கு மட்டும் பழுப்பு தொட்டு வைத்தால் பூ எழுந்து நிற்கும். காய்க்கு அடர் பழுப்பு. இலைகளுக்கு நிறமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கறுப்புக் கோடாக விட்டால் மஞ்சள் தனியே துலங்கும்.

காய்ந்தபின் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள், சுருக்கம் நேராகிவிடும். பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்: ஹோர்டஸ் மலபாரிகஸ், ஆம்ஸ்டர்டாம், 1678. வைட்டின் படமாக இருந்தால் ரங்கையா அல்லது கோவிந்து என்று வரைந்தவர் பெயரையும் எழுதுங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை. வாங்குகிறவர்கள் புரட்டிப் பார்த்து, இவர் யார் என்று கேட்கிறார்கள். அந்தப் பேச்சு அட்டையைவிட நீளமாகப் போகும்.

கரிம்பனைப் பானை

மண்பானை பசையைக் குடித்துவிடும். முதலில் ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பானை முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். மேலே வெள்ளை அக்ரிலிக் இரண்டு பூச்சு. கரிம்பனைப் படத்தை மெல்லிய தாளில் எடுத்து, ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், ஒட்டியபின் விளிம்பு தெரியாது. பானையில் பசை தடவி, படத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி ஒட்டுங்கள். குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி அமுக்குங்கள். காய்ந்தபின் மேலே மறுபடி நீர்த்த ஃபெவிகால், கடைசியில் வார்னிஷ். மார்கழி, தையில் கணவாய்க் காற்று அடிக்கும்போது இந்த வேலையை வீட்டுக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் நீவுவதற்குள் மறுபக்கம் காய்ந்து சுருங்கும். இந்தப் பானை அலங்காரத்துக்கு மட்டும், தண்ணீர் ஊற்றி வைக்க அல்ல.

செட்டு முண்டில் வைட்டின் கோடு

ஓணத்துக்குச் செட்டு முண்டில் பெயிண்ட் செய்பவர்கள் பெரும்பாலும் மயிலும் கிருஷ்ணனும் வரைகிறார்கள். வைட்டின் ஒரு ஆர்க்கிட்டையோ காட்டுக் கொடியையோ முந்தானை ஓரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள், வேறு யாரிடமும் அது இருக்காது.

புதுத் துணியை முதலில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு இஸ்திரி போடுங்கள். படத்திலிருந்து ஒரு கிளையை மட்டும் எடுத்து வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி அச்செடுங்கள். அடியில் வைட் தனியே வரைந்திருக்கும் விதை, பூவின் உட்பாகம் போன்ற பொடிப் படங்களைத் தூக்கி எறியாதீர்கள், ஜாக்கெட் கைக்கு அவை நல்ல புட்டாவாகும். துணியை அட்டையில் இழுத்துக் குத்தி, மஞ்சள் கார்பனை நடுவில் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோட்டின் மேலே போங்கள். கறுப்புக் கார்பன் வேண்டாம், கறை போகாது. ஃபேப்ரிக் பெயிண்டைத் தண்ணீருக்குப் பதில் மீடியம் கலந்து, மெல்லிய தூரிகையால் முதலில் கோடு, பிறகு உள்நிறம். கசவுச் சரிகையில் பெயிண்ட் படாமல் அந்த ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முழுதாகக் காய்ந்த மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். மூன்று நாள் தண்ணீர் காட்டாதீர்கள். அதன்பின் கையால் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.